டீச்சரைக் கேளுங்கள்: திரையில் இதயம், விரல் நுனியில் நாடி

(மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை, நாகர்கோவிலிலிருந்து வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். இதயத்தையும் ரத்த ஓட்டத்தையும் கம்ப்யூட்டரில் கற்பிக்கும் வர்ச்சுவல் லேப் பற்றி வந்த கடிதங்கள் இந்த முறை.)

கேள்வி: அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ரத்த ஓட்டப் பாடத்தை ஹைடெக் லேபில் வர்ச்சுவல் லேப் வைத்து நடத்த ஆசை. கிடைப்பது இரண்டு பீரியட். ஆனால் பிள்ளைகள் மவுஸ் கைக்கு வந்ததும் தெரிகிற பொத்தானை எல்லாம் அமுக்கிவிட்டு, "முடிஞ்சு டீச்சர்" என்கிறார்கள். மனதில் நிற்கிற மாதிரி எப்படி நடத்துவது?
- ஓர் ஆசிரியை, குலசேகரம்

முதல் பீரியடில் கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள், டீச்சர். வகுப்பிலேயே உட்கார வைத்து நாடி பிடிக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டில், பெருவிரல் பக்கமாக, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வைத்துப் பிடிக்க வேண்டும். பெருவிரலால் பிடிக்கக் கூடாது. அதிலும் துடிப்பு உண்டு. பிள்ளை தன் விரல் துடிப்பையே எண்ணிவிடும். ஒரு நிமிடம் முழுக்க எண்ணட்டும். ஒவ்வொருவர் எண்ணையும் கரும்பலகையில் எழுதுங்கள். 68 இருக்கும், 84 இருக்கும், 91 இருக்கும். "புத்தகத்தில 72ன்னு போட்டிருக்கு, எனக்கு 91. எனக்கு ஏதும் நோயா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாடம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 60 முதல் 100 வரை இயல்புதான், 72 என்பது சராசரி என்று சொல்லுங்கள். பிறகு மைதானத்தை ஒரு சுற்று ஓடிவந்து மறுபடியும் எண்ணட்டும். மூச்சுத் தொந்தரவோ இதயக் கோளாறோ உள்ள பிள்ளை ஓட வேண்டாம். நேரம் பார்க்கும் பொறுப்பை அதற்குக் கொடுங்கள்.

அடுத்து ஒரு கணக்கு. ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளுவது ஏறத்தாழ 70 மில்லி. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் 5,040 மில்லி, அதாவது 5 லிட்டர். ஒரு மணி நேரத்துக்கு 300 லிட்டர். ஆனால் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் 5 லிட்டர்தான். "அப்போ 300 லிட்டர் எங்கேயிருந்து வருது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். 1628-இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி தன் புத்தகத்தில் வைத்த வாதமும் இந்த வகைக் கணக்குதான். அதுவரை, சாப்பாட்டிலிருந்து ஈரல் ரத்தத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது, உடம்பு அதைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது என்றுதான் பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் காலத்திலிருந்து நம்பிவந்தார்கள். இவ்வளவு ரத்தத்தைச் சாப்பாட்டிலிருந்து உண்டாக்க வழியே இல்லை, ஆகவே அதே ரத்தம் சுற்றித்தான் வர வேண்டும் என்றார் ஹார்வி. இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் தமனியையும், திரும்பக் கொண்டுவரும் சிரையையும் இணைக்கும் மெல்லிய குழாயான தந்துகியை அவர் பார்க்கவில்லை. அவர் 1657-இல் இறந்த பிறகு, 1661-இல் மால்பிஜி தவளையின் நுரையீரலை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துத்தான் அந்த இணைப்பைக் கண்டார். கண்ணால் காணாததைக் கணக்கால் எட்டிய மனிதர் ஹார்வி. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைச் சொன்னால் கண் விரியும், நீங்களே பாருங்கள்.

நேரம் மிஞ்சினால் ஹார்வியின் கைச் சோதனையையும் செய்து காட்டுங்கள். சிரைகள் புடைத்துத் தெரிகிற, மெலிந்த கை வேண்டும். பி.டி. சார் சம்மதித்தால் நல்லது. முழங்கைக்கு மேலே ஒரு துவர்த்தால் (துண்டால்) கட்டுங்கள். மணிக்கட்டில் நாடி நிற்காத அளவுக்குத்தான் இறுக்கம். ஒன்றிரண்டு நிமிடத்தில் அவிழ்த்துவிட வேண்டும். முன்கைச் சிரைகள் எழும்பி, அங்கங்கே சின்ன முடிச்சுகளாக வீங்கி நிற்கும். வால்வு இருக்கும் இடம் அதுவாக்கும். மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் சிரையை அமுக்கிக்கொண்டு, இன்னொரு விரலால் அங்கிருந்து மேல்நோக்கி முடிச்சைத் தாண்டும்வரை தடவி ரத்தத்தைத் தள்ளுங்கள். பிறகு மேல் விரலை எடுத்துவிடுங்கள். நடுவில் உள்ள துண்டு வெறுமையாகவே கிடக்கும். மேலேயிருந்து ஒரு சொட்டு இறங்காது. கீழ் விரலை எடுத்த கணமே நிறைந்துவிடும். ரத்தம் ஒரே திசையில்தான் ஓடும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தத் திரையும் காட்டாது.

இரண்டாம் பீரியடில் லேபுக்குப் போங்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். ஒருவர் மவுஸ், ஒருவர் நோட்டு. "என்ன நடக்கும் என்று நோட்டில் எழுதிய பிறகுதான் அமுக்கலாம்" என்ற ஒரே சட்டத்தைப் போடுங்கள். அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எழுதியது தப்பாகப் போனால் அடிக்கக் கூடாது. பக்கத்திலேயே நடந்ததை எழுதட்டும். "முடிஞ்சு டீச்சர்" என்ற பேச்சு தானாக நின்றுவிடும்.

வேகத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் அதை முழுக்கப் பயன்படுத்துங்கள். ஒரு துடிப்பு 0.8 நொடியில் முடிந்துவிடுகிறது: ஆரிக்கிள் (மேல் அறை) சுருங்க 0.1, வெண்ட்ரிக்கிள் (கீழ் அறை) சுருங்க 0.3, மொத்தமும் தளர்ந்திருக்க 0.4. நேரில் இதைப் பார்க்கவே முடியாது; திரையின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. மெதுவாக ஓடவிட்டு, "நான்கு வால்வும் ஒரே நேரத்தில் மூடியிருக்கும் கணம் உண்டா? நான்கும் திறந்திருக்கும் கணம் உண்டா?" என்று கேளுங்கள். முதலாவது உண்டு. வெண்ட்ரிக்கிள் சுருங்கத் தொடங்கியதும் ஆரிக்கிள் பக்க வால்வுகள் மூடிவிடும். ஆனால் உள்ளே அழுத்தம் பெருந்தமனியின் அழுத்தத்தைத் தாண்டும்வரை, இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாயில் உள்ள அரைச்சந்திர வால்வுகள் திறக்காது. அந்த இடைவெளி நொடியில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். இரண்டாவது கிடையவே கிடையாது. தேடிக் கண்டுபிடித்த பிள்ளைக்கு, வால்வை யாரும் திறப்பதில்லை, இரண்டு பக்க அழுத்த வித்தியாசம்தான் திறக்கிறது, மூடுகிறது என்பது புரிந்துவிடும். நம்மூர்க் கிணற்று மோட்டார் பைப்பின் அடியில் இருக்கிற ஃபுட் வால்வைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். 'லப்' சத்தம் ஆரிக்கிள் வால்வுகள் மூடும்போதும், 'டப்' சத்தம் அரைச்சந்திர வால்வுகள் மூடும்போதும் வருவதையும் அப்போதே பொருத்திக் காட்டிவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பல படங்களில் ரத்தம் வலப்பக்கம் வந்து, நுரையீரல் போய், பிறகு இடப்பக்கம் வருவதை ஒரு பயணமாகக் காட்டுவார்கள். அதைப் பார்த்த பிள்ளை, வலது வெண்ட்ரிக்கிள் முதலில் அடித்து, இடது வெண்ட்ரிக்கிள் பிறகு அடிக்கிறது என்று மனதில் பதிய வைத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில்தான் சுருங்குகின்றன. இதை நீங்கள் வாய்விட்டுச் சொல்லாவிட்டால் பிளஸ் டூ வரைக்கும் அந்தத் தவறு கூடவே போகும். திரையில் இடப்பக்கம் தெரிவது நம் வலப்பக்கம் என்பதையும், எதிரெதிரே இருவரை நிற்க வைத்து ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கிற என் மகள், சிரையில் ஓடும் ரத்தம் நீல நிறம் என்று சாதிக்கிறாள். கம்ப்யூட்டரில் அப்படித்தான் காட்டினார்களாம். தன் கையைக் காட்டி, "இங்க பாருங்கம்மா, நீலமாத்தானே தெரியுது" என்கிறாள். உண்மையா?
- ஒரு தாய், குளச்சல்

இல்லையம்மா. மனித ரத்தம் எங்கே ஓடினாலும் சிவப்புதான். ஆக்சிஜன் நிறைய இருந்தால் பளிச்சென்ற சிவப்பு, குறைந்தால் கருஞ்சிவப்பு. ரத்தப் பரிசோதனைக்கு ஊசி போட்டு எடுப்பது சிரையிலிருந்துதான். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சிரிஞ்சைப் பார்க்கச் சொல்லுங்கள், வழக்கு தீர்ந்துவிடும். கையில் நீலமாகத் தெரிவது தோல் வழியாக வெளிச்சம் போய்த் திரும்பும் விதத்தால். சிவப்பு ஒளி தோலுக்குள் ஆழமாக இறங்கி சிரை ரத்தத்தில் உறிஞ்சப்படுகிறது. அதனால் அந்த இடத்திலிருந்து திரும்பி வரும் ஒளியில், சுற்றியுள்ள தோலைவிடச் சிவப்பு குறைந்து நீலச் சாயல் தெரிகிறது.

படத்தில் நீலம் பூசுவது வழி பிரித்துக் காட்டுவதற்காக. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆசிரியர் அதைச் சொல்லாமல் விட்டால், பிள்ளை மேலே மேலே தப்பாகவே கட்டிக்கொண்டு போகும். நீலம் என்றால் ஆக்சிஜனே இல்லாத கெட்ட ரத்தம் என்று நினைத்துவிடும். அமைதியாக இருக்கும் ஒருவரின் உடம்பைச் சுற்றி இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தில்கூட, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஏறத்தாழ முக்கால் பங்கு ஆக்சிஜனோடுதான் இருக்கிறது. ஓடும்போது தசைக்கு அதிகம் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளும் கையிருப்பு அது.

இன்னொன்றையும் மகளிடம் கேட்டுப் பாருங்கள்: நுரையீரல் தமனிக்குத் திரையில் என்ன நிறம்? நீலம் பூசியிருப்பார்கள். நுரையீரல் சிரைக்குச் சிவப்பு. தமனி என்றால் ஆக்சிஜன் உள்ள ரத்தம் என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே வந்து தடுமாறுவார்கள். இதயத்திலிருந்து ரத்தத்தை எடுத்துக்கொண்டு போவது தமனி, இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை. இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் நீட் தேர்விலும் தடுமாற மாட்டாள்.

கேள்வி: பள்ளியில் முன்பு இறக்கி வைத்திருந்த இதயச் சிமுலேஷன் எதுவும் இப்போது திறப்பதில்லை. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதா?
- லேப் உதவியாளர், தக்கலை

கம்ப்யூட்டரில் குறை இல்லை, தம்பி. பழையவை பலவும் ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் செய்தவை. அதற்கான ஆதரவு 31 டிசம்பர் 2020-உடன் நின்றுவிட்டது. எச்டிஎம்எல்5 என்ற இணைய மொழியில் புதிதாக எழுதியவை சாதாரண பிரவுசரிலேயே ஓடும், தேடி எடுங்கள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் வர்ச்சுவல் லேப்ஸ் திட்டமும், அமிர்தா பல்கலைக்கழகமும் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் மும்பை மையமும் சேர்ந்து செய்த ஓலேப்ஸ் என்ற இணைய லேபும் இருக்கின்றன. தமிழில் விளக்கப் படம் வேண்டுமென்றால் பள்ளிக்கல்வித் துறை 2023-இல் கொண்டுவந்த மணற்கேணி செயலியைப் பாருங்கள்.

கேள்வி: விலங்கியல் பட்டப்படிப்பு படிக்கிறேன். எங்கள் பேராசிரியர்கள் மாணவர்களாக இருந்தபோது தவளை இதயத்தை வெளியே எடுத்து, மருந்து விட்டு, துடிப்பு மாறுவதைப் பார்த்தார்களாம். நாங்கள் திரையில் பார்க்கிறோம். எங்களுக்குக் கிடைப்பது அரைகுறைக் கல்விதானா?
- ஒரு மாணவர், நாகர்கோவில்

உங்கள் மனக்குறை நியாயமானதுதான். நேராகப் பதில் சொல்கிறேன்: ஒரு விஷயத்தில் இழப்பு உண்டு, பல விஷயங்களில் லாபம்.

லாபத்தை முதலில் சொல்கிறேன். எங்கள் காலத்தில் ஒரு மேசைக்கு ஒரு தவளை. கத்தி பிடித்தவர் ஒருவர், எட்டிப் பார்த்தவர்கள் மற்றவர்கள். கொஞ்சம் அழுத்திவிட்டால் இதயம் நின்றுவிடும். திரும்பச் செய்ய இன்னொரு உயிர் வேண்டும். திரையில் துடிப்பைக் கூட்டும் அட்ரினலின் விட்டுப் பார்க்கலாம், கழுவிவிட்டு, துடிப்பைக் குறைக்கும் அசிட்டைல்கோலின் விடலாம். முதலில் அட்ரோபின் விட்டு, அதன் மேல் அசிட்டைல்கோலின் விட்டால் ஏன் துடிப்பு குறைய மாட்டேன் என்கிறது என்று யோசிக்கலாம். வரிசையை மாற்றி மாற்றிப் பார்க்கும் இந்தச் சுதந்திரம் எங்களுக்கு இருந்ததில்லை. 1921-இல் ஆட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்து, ஒன்றின், மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பைத் தூண்டித் துடிப்பைக் குறைத்து, அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து மற்றதன் மேல் விட்டார். அதுவும் மெதுவானது. நரம்பு வேதிப்பொருளால் பேசுகிறது என்று தெரிந்தது அப்படித்தான். 1936-இல் ஹென்றி டேலோடு சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார். இந்தச் சோதனையை நீங்கள் ஒரு மத்தியானத்தில் திரையில் செய்து முடிக்கலாம்.

இழப்பு என்ன? சிமுலேஷன், எழுதியவருக்குத் தெரிந்ததை மட்டுமே திருப்பிச் சொல்லும். 1880-களில் லண்டனில் சிட்னி ரிங்கர் உப்புக் கரைசலில் தவளை இதயத்தைத் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் கலந்தபோது துடிப்பு மங்கியது. முன்பு நன்றாகத் துடித்ததற்குக் காரணம், அப்போது கரைசல் குழாய்த் தண்ணீரில் கலக்கப்பட்டிருந்ததுதான் என்று பிறகு தெரியவந்தது. அந்தத் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் இதயத்தைத் துடிக்க வைத்தது. இன்று 'ரிங்கர் கரைசல்' என்று நீங்கள் படிப்பது அங்கிருந்து வந்தது. யாரும் பட்டியலில் எழுதாத ஒன்று உள்ளே நுழைந்ததால் கிடைத்த அறிவு அது. திரையில் அப்படி ஒன்று நுழைய வழியில்லை.

ஆனால் ரிங்கர் கண்டுபிடித்ததை மறுபடி பார்ப்பதற்காக வருடாவருடம் ஒவ்வொரு கல்லூரியும் தவளைகளைக் கொல்ல வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் படிப்படியாகக் குறைக்கச் சொல்லி, 2014-இல் விலங்கியல் வகுப்புகளில் அறுவையை நிறுத்தியது சரியான முடிவு. நாஞ்சில் நாட்டு வயலில் பூச்சி தின்று வாழ வேண்டிய உயிர் அது. உயிருள்ள உடம்பின் ஒழுங்கின்மையைப் பார்க்க உங்கள் உடம்பு இருக்கிறது. மூச்சை உள்ளிழுக்கும்போது நாடி சற்று வேகமாவதையும், விடும்போது மெதுவாவதையும் பிடித்துப் பாருங்கள். இளம் வயதில் நன்றாகத் தெரியும். முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் துடிப்பு குறையும். ஏன் என்று தேடுங்கள். திரையில் நீங்கள் பார்த்த அதே வேகஸ் நரம்புக்குத்தான் போய்ச் சேருவீர்கள்.

கேள்வி: எங்க அப்பா கடலுக்குப் போறவங்க. மீன் வெட்டும்போது இதயம் பார்க்கலாமா டீச்சர்? அதுக்கும் நாலு அறையா?
- எட்டாம் வகுப்பு மாணவி, முட்டம்

பார்க்கலாம் மக்களே, உனக்குக் கிடைத்திருக்கிற லேப் வேறு யாருக்கும் கிடைக்காது! சூரை மாதிரிப் பெரிய மீனாக இருந்தால் வசதி. செவுளுக்குக் கீழே, தொண்டைப் பக்கமாக, அடிப்புறத்தில் கருஞ்சிவப்பாக இருக்கும். அம்மாவையே வெட்டித் தரச் சொல்லு, நீ கத்தி எடுக்காதே. ஒரு ஆரிக்கிள், ஒரு வெண்ட்ரிக்கிள், ஆக இரண்டு அறைதான். இதயத்திலிருந்து ரத்தம் செவுளுக்குப் போய் ஆக்சிஜன் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து நேராக உடம்புக்குப் போய்விடும். நமக்குப் போல நடுவில் ஒருமுறை இதயத்துக்கு வராது. கோழிக்கடையில் கோழி இதயம் ஒன்று கேட்டு வாங்கி, பாதியாக வெட்டிப் பக்கத்தில் வைத்துப் பார். அதில் நான்கு அறை. கீழே இடப்பக்கச் சுவர், வலப்பக்கச் சுவரைவிட எவ்வளவு தடிமன் என்று பார்த்து, காரணத்தை எனக்கு எழுது.

கேள்வி: தோவாளைச் சந்தையில் பூ வியாபாரம். மகள் கல்லூரியில் கம்ப்யூட்டர் இதயத்துக்கு டிஜிடாலிஸ் என்ற மருந்து விட்டுப் பார்த்தாளாம். நாம் விற்கிற அரளியிலும் அதே மாதிரிச் சத்து இருக்கிறது என்று பயமுறுத்துகிறாள்.
- ஒரு வாசகர், தோவாளை

மகள் சொன்னது சரி, அண்ணாச்சி. ஃபாக்ஸ்குளோவ் என்ற செடியிலிருந்து வந்த மருந்து டிஜிடாலிஸ். 1785-இல் வில்லியம் விதரிங் அதைப் பற்றி எழுதினார். அளவோடு கொடுத்தால் துடிப்பு நிதானப்பட்டு வலுவாகும். அளவு கொஞ்சம் கூடினாலும் இதயத்தின் தாளமே குலைந்துவிடும். அரளியில் இருப்பதும் அதே வகை நஞ்சு. இலை, பூ, விதை, வேர் எல்லாவற்றிலும் உண்டு. 2024-இல் பக்கத்துக் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவசம் போர்டு, நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ வேண்டாம் என்று முடிவெடுத்ததும் இதனால்தான். பூவைத் தொட்டுக் கட்டுவதில் பயப்பட ஒன்றுமில்லை. சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். யாராவது தின்றுவிட்டதாகத் தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: எங்கள் மலைப்பகுதியில் நெட் சரியாக வராது. வர்ச்சுவல் லேப் இல்லாமல் என்ன செய்ய?
- ஓர் ஆசிரியர், பேச்சிப்பாறை

ஒரு புனல், ஒரு முழ ரப்பர் டியூப் போதும், சார். புனலை நெஞ்சின் இடப்பக்கத்தில் வைத்து, டியூபின் மறுமுனையைக் காதருகே பிடித்தால் 'லப் டப்' கேட்கும். டியூபைக் காதுக்குள் திணிக்க விடாதீர்கள். 1816-இல் லேனெக் காகிதத்தைச் சுருட்டிக் கேட்டதுதான் ஸ்டெதஸ்கோப்பின் தொடக்கம். காகிதச் சுருளிலும் முயன்று பாருங்கள். நாகர்கோவில் வரும்போது இரண்டு மூன்று வீடியோவை போனில் இறக்கிக்கொண்டு போனால், வால்வு வேலை செய்வதை அதில் காட்டிவிடலாம். அவ்வளவு போதும்.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிற மகன், வர்ச்சுவல் லேபில் பி.பி. பார்க்கப் படித்துவிட்டு, வீட்டு மெஷினில் எனக்கு 152/96 என்கிறான். லேபில் எல்லாருக்கும் 120/80 தான் வந்ததாம். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. விட்டுவிடலாமா?
- ஒரு வாசகர், மார்த்தாண்டம்

விட்டுவிடாதீர்கள். திரையில் 120/80 வந்தது, அதில் அப்படி எழுதி வைத்திருப்பதால். முதல் எண் வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது தமனியில் ஏறும் அழுத்தம், இரண்டாவது தளரும்போது மிஞ்சும் அழுத்தம். கைப்பட்டையைத் தளர்த்தும்போது கேட்கும் சத்தத்தை வைத்து இரண்டையும் அளக்கலாம் என்று 1905-இல் கொரட்காஃப் காட்டினார். மகன் திரையில் கேட்டது அந்தச் சத்தத்தைத்தான். ரத்த அழுத்தம் கூடினாலும் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தெரியாது. தொந்தரவு தெரியும்வரை காத்திருந்தால் இதயமும் சிறுநீரகமும் அடிபட்ட பிறகுதான் தெரியவரும்.

மகன் சரியாகப் பார்த்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். சாயா குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து, பேசாமல் உட்காருங்கள். கால் மேல் கால் போடக் கூடாது. கை இதயத்தின் உயரத்துக்கு மேசை மேல் இருக்கட்டும். தொங்கவிட்டால் எண் கூடிக் காட்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டு முறை பார்த்து, இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரம் காலையும் மாலையும் இப்படி எழுதட்டும். அந்த நோட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் காட்டலாம். மருந்து வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்வார். மகனும் கூடவே போய், அவர் எப்படி அளக்கிறார் என்று நின்று பார்க்கட்டும்.